இனம் 213

பள்ளத்தூர் வீட்டைப் பாகம் பிரிக்க
கோர்ட்டு அனுப்பிய சர்வேயர் நான்.
முப்பத்தொரு பங்குதாரர்,
அதில் ஒன்பது பேர் வீடியோ காலில்.

காலையிலிருந்து சுவர் அளக்கிறேன்.
நூற்றுப் பதினாறு அடி நீள வீடு.
முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு
நாலு விரற்கடை சரிவு,
மழைத்தண்ணீருக்கு மட்டும் தெரிந்த சரிவு.
அவ்வளவுதான் இந்தப் பக்கத்து மலை.

கமிஷனர் வக்கீல் பட்டியல் சொல்ல
குமாஸ்தா எழுதுகிறார்.
இனம் 211: எனாமல் கூஜா, மூடி இல்லை.
இனம் 212: ஜெர்மன் பூட்டு, சாவி இல்லை.
இனம் 213 என்று
சேவுகன் இரும்புப் பெட்டி அடியிலிருந்து
எடுத்துக் கொடுத்தது
துணியில் ஒட்டிப் பதினாறாய் மடித்த ஒரு மலைத்தொடர்.

மேஜை போதாமல் தரையில் விரித்தோம்.
அங்குலத்துக்கு நாலு மைல்.
பர்மாவின் மேற்கு ஓரம்,
அச்சிட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.
பழுப்புக் கோடுகள் நெருங்கி, இன்னும் நெருங்கி
ஊசி நுழையாத இடத்தில் செங்குத்து.
பூச்சி அரித்த ஓர் ஓட்டை
இல்லாத ஏரி ஒன்றை உண்டாக்கியிருந்தது.
"முறுக்குப் பிழிஞ்ச மாதிரி இருக்கு சர்வேயரம்மா."
இருபது வருஷம் எனக்குச் சங்கிலி பிடித்தவன், இப்போது டேப்.
பிரான்மலையைத் தாண்டி உயரம் பார்த்ததில்லை.
நானும்தான்.

ஒரு கோட்டில் விரல் வைத்துப் போனேன்.
ஒரே கோடு, ஒரே உயரம்.
அதைப் பிடித்து நடப்பவன்
ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான்,
சுற்றிக்கொண்டே இருப்பான்.
நான் போடுகிற கோட்டுக்கு
இந்தப் பக்கம் ஒருவர் நிற்பார்,
அந்தப் பக்கம் அவர் தம்பி நிற்பார்.

வடகிழக்கு மூலையில் கோடுகள் சட்டென்று நின்றுவிட்டன.
உள்ளங்கை அகலம் வெறும் வெள்ளை.
நடுவே பொடி ஆங்கிலத்தில்: அளக்கப்படவில்லை.
துரைக்குக் காய்ச்சலோ,
கூலிகள் அரிசி தீர்ந்து திரும்பினார்களோ,
மேகம்தான் விலகவில்லையோ.
அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை.
கடிநாய் காவல் இருந்த தோப்பையே
வேலிக்கு வெளியே நின்று அளந்திருக்கிறேன்.

வெள்ளைக்குள் பென்சிலில் ஒரு புள்ளி.
பக்கத்தில் தமிழ்,
பேரேடு எழுதிப் பழகிய கை:
"இங்கே நல்ல தண்ணீர். மூன்று நாள் இருந்தேன். பெரியணன்."

யார் பெரியணன்?
வழக்கில் தாக்கல் செய்த வம்சாவளியில் அப்படி ஒரு பெயர் இல்லை.
ஈப்போவிலிருந்து ஒரு குரல்,
"கடைக்கு அடுத்தாளாப் போனவரா இருக்கும்,
எங்க புள்ளி கிடையாது."
இன்னொருவர், "அப்ப அவங்க யாரும் பங்கு கேட்டு வர மாட்டாங்கள்ல?"

வசூலுக்கு ஏறினாரா,
நாற்பத்திரண்டில் குண்டுக்குப் பயந்து நடந்தாரா.
தாள் பள்ளத்தூர் வந்து சேர்ந்திருக்கிறது.
ஆள் வந்ததற்கு
இந்த வீட்டில் ஒரு சீட்டுகூட இல்லை.

"மதிப்பு?" என்றார் வக்கீல்.
காரைக்குடி பழம்பொருள் கடைக்காரர்
கண்ணாடி போட்டால் மூவாயிரம் என்றார்.
முப்பத்தொன்றால் வகுத்துப் பார்த்துச் சிரித்தார்கள்.
குமாஸ்தா 'இல்லை' என்று எழுதினார்.

மடித்தேன்.
பழைய மடிப்புக்கு வர மறுத்து
வெள்ளைப் பகுதி வெளியே தெரிய மடிந்தது.
அப்படியே வைத்தேன்.
இனம் 214, கல் உரல், இரண்டு.

அடுப்படிச் சுவரில் டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி
சேவுகன் கேட்டான்,
"அது ஊத்தாம்மா, ஓடையா?"
எழுதலையே என்றேன்.
"மூணு நாள் இருந்திருக்கான்னா
ஊத்தாத்தான் இருக்கும்" என்றான்.
டேப் தொய்ந்தது.
பதினாலு அடி என்று சொல்லிவிட்டு
மறுபடியும் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன்.